பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

ஜூலை 11, வியாழன்

கத்துவதற்குப் பதிலாக எழுதுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ரத்த அழுத்தம் ஏறிப் போய் நிற்கிறதாம். "ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கீங்க, யாரைப் பார்த்துக் கத்துறீங்க?" என்று கேட்டார். கம்ப்யூட்டரைப் பார்த்து என்றேன். சிரித்தார். சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

சரி, எழுதுகிறேன். பெயர் குற்றாலிங்கம். ஊர் தென்காசி. முப்பத்தாறு வருஷம் பஸ் டெப்போவில் டைம்கீப்பர். நான் விசில் அடித்தால் வண்டி நகர வேண்டும், அவ்வளவுதான். ஒரு நிமிஷம் தாமதித்தால் டிரைவர் என் வாயால் பாட்டுக் கேட்பான்.

இப்போது என் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. என் மனைவி உலகம்மாளுடையது. அவள் முன்னறையில் பிளவுஸ் தைக்கிறாள், எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கிறாள். பூ, கொடி, அன்னம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து பென் டிரைவில் ஏற்றி மெஷினில் சொருகினால் அது தானே தைத்துவிடும். அந்தக் கம்ப்யூட்டர் பதினாலு வருஷப் பழசு. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். "குக்கர் மூணு விசில் அடிச்சா அது எந்திரிச்சுரும்" என்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது. மூன்று விசிலுக்குப் புறப்படும் வண்டியை நான் ஸ்டாண்டிலேயே நிற்கவிட மாட்டேன்.

ஜூலை 13, சனி

இன்று முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அளவு கொடுக்க இரண்டு பெண்கள் வந்தார்கள், வாசலிலேயே நின்றார்கள். உலகம்மாள் என் பக்கத்தில் வந்து குனிந்து, "பொம்பளப் பிள்ளைய அளவு குடுக்க வாற எடம். பின்கட்டுல போய் படிங்களேன்" என்றாள். போனேன். பின்கட்டில் ஃபேன் சரியாகச் சுற்றுவதில்லை.

வீட்டில் நான் உட்கார ஒரு இடம் கிடையாது என்பது பத்து நாளாகத்தான் தெரிகிறது. முப்பத்தாறு வருஷமாக இங்கே தூங்க மட்டும் வந்திருக்கிறேன் போல.

அதனால் அல்ல, வேறு காரணத்துக்காக, அந்தக் கம்ப்யூட்டரைச் சரி பண்ணுவது என்று தீர்மானித்துவிட்டேன். ஃபோனில் ஒன்பது வீடியோ பார்த்தேன். மெமரியைக் கூட்ட வேண்டும், ஹார்ட் டிஸ்க்கை மாற்ற வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும்.

ஜூலை 16, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டு பக்கம் நாகூர் மீரான் என்று ஒரு தம்பி கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். மெமரி கேட்டேன். என்ன மாடல் என்றார். கறுப்பு என்றேன். அவர் கொடுத்ததைக் கொண்டுவந்து சொருகினால் நுழையவில்லை. நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கிறது. அமுக்கிப் பார்த்தேன். "அமுக்காதிய, ஒடஞ்சுரும்" என்றாள் உலகம்மாள் பின்னாலிருந்து. எனக்குத் தெரியாதா?

பழைய மெமரியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். இதை முதலிலேயே செய்திருக்கலாம். சரியானது கிடைத்தது.

பெட்டியைத் திறந்தால் உள்ளே கம்ப்யூட்டரே தெரியவில்லை. பஞ்சும் நூலும்தான். ஃபேனில் சிக்கியிருந்த பஞ்சு ஒரு தலையணைக்குக் காணும். அடியில் ஜமிக்கி, பிளவுஸ் ஊக்கு, பாசிமணி. பெயின்ட் பிரஷ் வைத்துச் சுத்தம் பண்ணினேன். புது மெமரி சொருகி, மூடி, பொத்தானை அமுக்கினேன். முதல் விசிலுக்கே வந்துவிட்டது! உலகம்மாள் கரண்டியோடு ஓடி வந்து பார்த்தாள். "ஆத்தாடி, பரவாயில்லயே" என்றாள். நான் குனிந்து ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தேன். பேசினால் இளித்துவிடுவேன் என்று தோன்றியது.

ஜூலை 18, வியாழன்

ஹார்ட் டிஸ்க் 'கட் கட்' என்று சத்தம் போடுகிறது. மீரானை ஃபோனில் கேட்கவைத்தேன். "அண்ணாச்சி, அது எப்ப வேணும்னாலும் படுத்துரும்" என்றார்.

உலகம்மாள் வரைந்த டிசைன் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. எண்ணூறுக்கு மேல் என்கிறாள். ஆவணிக்கு நாலு கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து டிசைன் பார்த்து, இது இது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். முகூர்த்தம் ஆவணி ஏழு.

"உடனே மாத்துதேன்" என்றேன்.

"ஆடி பொறந்துட்டு. ஆடியில எதையும் புதுசா தொடங்கக் கூடாது."

"ஆடியிலதான உனக்கு வேலை கிடையாது. ஆவணியில நடுவுல நின்னா என்ன செய்வ?"

யோசித்தாள். "சரி. ஆடித்தபசு திருவிழாவுக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு திங்கக்கிழம வந்துருதேன். நானும் கூட இருக்கேன். ரெண்டு பேருமா மாத்துவோம். அதுவரைக்கும் கை வைக்காதிய."

சரி என்றேன்.

ஜூலை 19, வெள்ளி

மீரான் கடையில் புது டிஸ்க் வாங்கினேன். பிஸ்கட் மாதிரி ஒன்றைக் காட்டி இதுதான் இப்போது எல்லோரும் போடுவது, வேகம் அதிகம் என்றார். தூக்கிப் பார்த்தேன், கனமே இல்லை. கனமில்லாத வண்டியை நான் நம்ப மாட்டேன். பழசு மாதிரியே வேண்டும் என்றேன். அதே கம்பெனி, அதே அளவு, புதுசு ஒன்று கடையில் மிச்சம் கிடந்தது.

பழசிலிருந்து புதுசுக்கு எல்லாவற்றையும் மாற்ற ஒரு பெட்டி இரவல் கொடுத்தார். இரண்டு பள்ளம், ஒரு பொத்தான். "எடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசு. மாத்தி மட்டும் போட்டுராதிய அண்ணாச்சி. அது கேள்வி கேக்காது" என்றார். டெப்போவில் நூற்றிருபது வண்டிக்கு வழி சொன்னவனிடம் இடது வலது சொல்கிறார்.

தொடக்கூடாது என்றுதான் சொன்னாள், துடைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. புதுசின் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறது.

இன்று முதல் ஆடி வெள்ளி. இரண்டையும் சாமி அலமாரியில் வைத்தேன். உலகம்மாள் முறைத்தாள், பிறகு விளக்கேற்றினாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் சங்கரன்கோவில் கிளம்புகிறாள்.

ஜூலை 20, சனி

அவளை வண்டி ஏற்றிவிட்டு வந்தேன். பஸ் நாலு நிமிஷம் தாமதம். டைம்கீப்பர் புதுப் பையன், ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீடு வெறிச்சென்று இருந்தது. சாமி அலமாரியைப் பார்த்தேன். ஒரு டிஸ்க்குக்கு மட்டும் சந்தனம் வைத்து நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருக்கிறாள். புது வண்டி டெப்போவுக்கு வந்தால் நாங்கள் முகப்பில் பொட்டு வைக்காமல் எடுக்க மாட்டோம். அந்த மட்டில் நான் சொன்னதை மனதுக்குள் ஒத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள். திங்கட்கிழமை வந்து பார்த்தால் எல்லாம் தயாராக இருக்க வேண்டும், வாயைப் பிளக்க வேண்டும்.

பொட்டு இல்லாதது இடது. பொட்டு வைத்தது வலது. பொத்தானை அமுக்கினேன். வரிசையாக விளக்கு எரிந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், தூங்கி எழுந்து பார்த்தேன். சாயங்காலம் எல்லா விளக்கும் எரிந்து நின்றது.

பொட்டு வைத்ததை மாட்டினேன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி இங்கிலீஷ். மற்றதை மாட்டினேன். அதே வரி.

ஒயர் சரியில்லை போல.

ஜூலை 21, ஞாயிறு

ஒயரை ஆறு தடவை கழற்றி மாட்டிவிட்டேன்.

மத்தியானம் உலகம்மாள் ஃபோன் பண்ணினாள். தபசு பார்க்க நல்ல கூட்டமாம். அப்புறம் சொன்னாள்: "அந்தப் பழைய டிஸ்க்குக்குப் பொட்டு வச்சேனே, பாத்தியளா? நீங்க தொடச்சாலும் ஓரத்துக் கீறல் போகலேல்லா, அத வச்சுக் கண்டுபிடிச்சேன். பதினாலு வருசம் எனக்குச் சோறு போட்டுருக்கு. போகும்போது ஒரு பொட்டாவது வச்சு அனுப்புவோமேன்னு தோணிச்சு."

"பார்த்தேன்" என்றேன்.

"அதத் தொடலேல்லா?"

"ஏட்டி, கூட்டத்துல நின்னுக்கிட்டு என்ன பேச்சு. சாமியைப் பாரு" என்று வைத்துவிட்டேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

ஜூலை 22, திங்கள்

இரண்டு டிஸ்க்கையும் துணியில் பொதிந்து மீரானிடம் கொண்டுபோனேன். அவர் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அண்ணாச்சி, வெறும் டிஸ்க்க எடுத்துப் பழசு மேல எழுதிட்டிய."

"திருப்பி எடுத்துரலாம்லா?"

"அழிச்சதுன்னா எடுக்கலாம். மேல எழுதுனா அடியில ஒண்ணும் இருக்காது. அக்கா வேற காப்பி எதும் வச்சிருக்காவளா?"

பென் டிரைவில் கடைசியாகத் தைத்த ஒரே ஒரு டிசைன் இருக்கிறது. அவ்வளவுதான்.

புது டிஸ்க்கில் கம்ப்யூட்டரை முதலிலிருந்து போட்டுக் கொடுத்தார். எம்பிராய்டரி சாஃப்ட்வேர் சி.டி. பீரோவில் இருந்தது, அதையும் ஏற்றினார். மெஷின் ஓடுகிறது. எல்லாம் வேகமாக இருக்கிறது. உள்ளே மட்டும் ஒன்றும் இல்லை. மீரானின் வீட்டுக்காரி ரஹ்மத் உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் உலகம்மாளிடம் தைப்பவள்தான். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது ஃபோன். அவள் அக்கா தபசுக் கூட்டத்தில் கால் பிசகிவிட்டாளாம். இன்னும் கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். குரல் கம்மியிருந்தது, மூக்கை உறிஞ்சினாள். சாரலில் நனைந்திருப்பாள். பாவம், அவள் அக்காவுக்குக் கால் இப்படி ஆகிவிட்டது. நல்ல வேளை.

ஜூலை 24, புதன்

இரண்டு நாளாகச் சோறு வைக்கவில்லை. பன்னும் டீயும்.

அவளிடம் எப்படிச் சொல்வது? திட்டினால் பரவாயில்லை. அவள் திட்ட மாட்டாள். பேசாமல் எழுந்து உள்ளே போய்விடுவாள். என்னால் தாங்க முடியாதது அதுதான், எழுதிவிட்டேன், டாக்டரம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும்.

சாயங்காலம் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். அடுத்த வீட்டுக் கொடியில் பிளவுஸ் காய்ந்துகொண்டிருந்தது. முதுகுப் பக்கம் ஒரு அன்னம், கழுத்தை வளைத்துத் தன் இறக்கையைக் கோதுகிறது. உலகம்மாள் போட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வீட்டுப் பெண் இங்கேதான் தைக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எக்கி நின்று பார்த்தேன். அந்தப் பெண் வெளியே வந்து, என்னைப் பார்த்து, பிளவுஸைப் பார்த்து, வெடுக்கென்று உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அசிங்கமாகப் போய்விட்டது. ஆனால் ஒன்று புரிந்தது. டிசைன் எல்லாம் போகவில்லை. ஊர் முழுக்கக் கொடியிலும் பீரோவிலும் கிடக்கிறது.

ஜூலை 25, வியாழன்

பொன்னுத்தாய் டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றேன். ரிட்டயர்டு தலைமையாசிரியை. உலகம்மாளின் முதல் வாடிக்கை.

"வாங்க அண்ணாச்சி. என்ன விசயம்?"

பிளவுஸ் என்கிற சொல் வாயில் வர மாட்டேன் என்கிறது. தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்க... அது... உலகம்மாள் தச்சது... ரெண்டு நாள் கடன் குடுத்தா..." என்றேன். டீச்சரின் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. மாடிக்குப் போய்ப் பெட்டியோடு இறங்கி வந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "இது என் ரிட்டயர்மென்ட்டுக்கு. இது பேத்தி காது குத்துக்கு. இது சும்மா, மனசு சரியில்லாதப்ப ஒருநாள் போய் உக்காந்தேன், உலகு என்கிட்ட ஒண்ணும் கேக்காம இதத் தச்சுக் குடுத்தா." அதில் ஒரு சின்னக் குருவி இருந்தது, அவ்வளவுதான்.

பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தேன். தெருவில் யாரும் என்ன பை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தக்காளி என்று சொல்ல யோசித்து வைத்திருந்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

பிளவுஸை விரித்து ஃபோனில் படம் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதன் மேல் மவுஸால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போக வேண்டும். மீரான் ஒருமுறை காட்டிக்கொடுத்தார். ஒரு மாங்காய், ஒரே ஒரு மாங்காய், நாள் பூராவும் ஆயிற்று. மெஷினில் ஓட்டினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், எனக்கு மாங்காய் கத்திரிக்காயாக முடிந்தது.

பிரித்துப் போட்டு மறுபடி.

இதைத்தான் அவள் பதினாலு வருஷமாகச் செய்துகொண்டிருந்திருக்கிறாள். நான் வந்ததும் எழுந்து சாப்பாடு வேறு போட்டிருக்கிறாள்.

ஜூலை 30, செவ்வாய்

கத்திரிக்காய் இன்று மாங்காய் ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 1, வியாழன்

இப்போது ஃபோன் பண்ணினால் உலகம்மாள் முதலில், "சாப்பிட்டியளா?" என்கிறாள். அப்புறம், "ரொம்ப அலையாதிய. டீச்சரம்மா வீட்டுப் படி வழுக்கும், பாத்து" என்கிறாள். எதற்குச் சொல்கிறாளோ. அப்புறம் அவள் அக்காவிடம் ஃபோனைக் கொடுத்தாள். மாடியில் வத்தல் காயப் போட்டுக்கொண்டிருந்தாளாம், திமுதிமுவென்று இறங்கி வந்து பேசினாள். கால் சீக்கிரம் தேறிவிட்டது போலிருக்கிறது. நல்ல வைத்தியர் கிடைத்திருப்பார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. தெருவெல்லாம் சித்ரான்னம் மணக்கிறது. இன்று நான் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கிருந்து கேள்விப்பட்டார்களோ, பெண்கள் தாங்களாகவே பையோடு வருகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் அந்த அன்னத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "அன்னைக்கே கேட்டிருக்கலாம்லா மாமா" என்றாள். ரஹ்மத் இரண்டு கொடுத்தனுப்பியிருக்கிறாள். கூடவே புளியோதரையும் எலுமிச்சை சாதமும் வெவ்வேறு வீட்டிலிருந்து.

ஒவ்வொருத்தியும் பிளவுஸைக் கொடுத்துவிட்டு அதோடு போவதில்லை. இதை எங்கே போட்டேன், யார் கேட்டார்கள், அக்கா என்ன சொன்னாள் என்று ஒரு கதை. முன்னறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பிளவுஸுக்கு இவ்வளவு பேச்சு உண்டு என்று எனக்குத் தெரியாது.

மெமரி கூட்டியது நல்லதாகப் போயிற்று. இத்தனை படத்தைத் திறந்து வைத்தாலும் திணறுவதில்லை. மீரான் சொன்னபடி தினமும் சாயங்காலம் ஒரு தனி டிஸ்க்கில் காப்பி எடுக்கிறேன். சந்தனம் குங்குமம் எதுவும் கிடையாது. வெள்ளை டேப் ஒட்டி, பெரிசாக 'காப்பி' என்று தமிழில் எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கண்டக்டர் சுடலைமுத்துவின் மனைவி செல்லக்கனி ஒன்று கொண்டுவந்தாள். இலைப்பச்சைத் துணி. கை முழுக்கப் பன்னீர்ப்பூ. கொத்தாக இல்லை, வரிசையாக இல்லை. மழை விட்ட பிறகு மரத்தடியில் கிடக்குமே, ஒன்று கவிழ்ந்து, ஒன்று சாய்ந்து, ஒன்றின் காம்பு மட்டும் தெரிய, அப்படி. ஒரு பூ மாதிரி இன்னொன்று இல்லை.

"அக்கா போட்டிருந்ததப் பாத்தேன் அண்ணாச்சி. எனக்கும் அதே வேணும்னு அழிச்சாட்டியம் பண்ணி வாங்குனேன்" என்றாள்.

சும்மா சொல்லக் கூடாது. நன்றாகவே இருக்கிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்னும் பன்னீர்ப்பூவில்தான் இருக்கிறேன். மற்றவை என்றால் ஒரு பூ வரைந்து காப்பி பண்ணி ஒட்டிக்கொள்ளலாம். இதில் அது முடியாது. ஒவ்வொன்றாக வரைய வேண்டும். எரிச்சலாக வருகிறது. ஆனால் விட மனம் வரவில்லை. டாக்டரம்மாவிடம் போனேன், அழுத்தம் குறைந்திருக்கிறதாம். எழுதியதால் என்கிறார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வியாழக்கிழமை வருகிறாளாம். முடித்ததை எண்ணிப் பார்த்தேன்.

முப்பதுக்கு மேல் முடித்திருக்கிறேன். எண்ணூறுக்கு முன்னால் அது என்ன கணக்கு? பொரி வாங்கக்கூடக் காணாது.

ஆகஸ்ட் 15, வியாழன்

பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. இன்று அது தாமதித்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்தோம். தண்ணீர் குடித்தாள். நேரே முன்னறைக்குப் போய்க் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். பொத்தானில் கை வைக்கும் முன்னால் நான் சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில், நின்றபடி. "நீ சொன்னதைக் கேக்காம தொட்டேன். பொட்டு வச்சது புதுசுன்னு நினைச்சேன். உன் டிசைன் எல்லாம் போச்சு. நான்தான் அழிச்சேன்."

"தெரியும்" என்றாள்.

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"திங்கக்கிழமயே ரஹ்மத் ஃபோன் பண்ணிட்டா. அக்காவுக்குக் கால்ல ஒண்ணும் இல்ல. நான்தான் வரல." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "அன்னைக்கு வந்திருந்தேன்னா என்ன பேசியிருப்பேன்னு எனக்கே தெரியாது. பேசுனத அப்புறம் திருப்பி எடுக்க முடியாதுல்லா. ரெண்டு நாள் அழுதேன். இனிமே மெஷின வித்துருவோம்னுகூட நெனச்சேன்."

நான் மெஷினைத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்புறம் டீச்சரம்மா கூப்புட்டாவ. 'ஏ உலகு, ஒன் வீட்டுக்காரரு வாசல்ல நின்னு பிளவுஸ் கேக்காரு, நிமிந்தே பாக்கல'ன்னு. அடுத்தால செல்லக்கனி. அடுத்தால பக்கத்து வீட்டுப் பிள்ள, சுவர்ல எக்கி எக்கிப் பாத்தாருன்னு." சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "முப்பது வருசமா நீங்க ஒருத்தர்கிட்டப் போயி ஒண்ணு வேணும்னு கேட்டு நான் பாத்ததில்ல. அதான் கேக்கட்டும்னு இருந்துட்டேன்."

"நீ திட்டியிருக்கலாம்."

"இப்பத் திட்டுதேன். கோட்டிக்கார மனுசா! தொடாதிய தொடாதியன்னு சொன்னேனே, காது என்ன அழகுக்கா வச்சிருக்கிய?"

இந்த வீட்டில் இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

காலையிலிருந்து நான் வரைந்ததை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். "அன்னத்துக்குக் கண்ணு இல்ல." "இது என்ன கொடியா கயிறா?" "இந்த மாங்கா நல்லாருக்கு." நாலு கல்யாணத்தில் மூன்று வீட்டு டிசைன் இதிலேயே இருக்கிறது. நாலாவதைப் புதிதாக வரைந்துகொள்கிறாளாம்.

"எண்ணூறுல பாதி யாரும் திரும்பக் கேக்காதது. பீரோவுல வச்சிருந்து எடுத்துக் குடுத்திருக்காவன்னா இதுதான் நெலச்சது" என்றாள். மவுஸை அங்கும் இங்கும் நகர்த்தினாள். அப்புறம், "மொத மொத ஒரு முல்லக் கொடி வரஞ்சேன். யாருக்கும் தைக்கல. சும்மா தொறந்து பாத்துக்கிடுவேன். அது போச்சு" என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். கூட உட்கார்ந்திருந்தேன்.

பத்து மணிக்கு ஒரு பெண் அளவு கொடுக்க வந்தாள். நான் எழுந்தேன். "எங்க போறிய? செல்லக்கனி துணிய அயன் பண்ணிட்டுத் திருப்பிக் குடுக்கணும்லா, திரைக்கு அந்தப் பக்கம் இருந்து பண்ணுங்க" என்றாள். முன்னறைக்குக் குறுக்கே புதுத் திரை ஒன்று தொங்குகிறது. எப்போது மாட்டினாள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்துவிட்டது.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டாள்: "இத்தன வரஞ்சியளே, இதுல ஒங்களுக்கு எது பிடிச்சிருந்துது?"

"பன்னீர்ப்பூ" என்றேன். யோசிக்கவே இல்லை. அதில் முழங்கை ஓரத்தில் ஒரு பூ மட்டும் மல்லாந்து கிடக்கும், மற்றதெல்லாம் சாய்ந்திருக்கும், அந்த ஒன்றை வரையத்தான் ஒரு நாள் ஆயிற்று, அதை ஏன் அப்படிப் போட்டாள் என்று தெரியவில்லை, ஆனால் அது இல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். கையைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து ஒரு பிளவுஸை எடுத்து வந்தாள். இலைப்பச்சை. முழங்கை ஓரத்தில் மல்லாந்த பூ.

"ஒங்க ரிட்டயர்மென்ட் விழாவுக்குன்னு தச்சது. மேடையில ஒங்க பக்கத்துல ரெண்டு மணி நேரம் இதப் போட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். செல்லக்கனி கீழ வரிசையில இருந்து பாத்துட்டு வந்து கேட்டா."

அன்றைக்கு நான் என்ன பார்த்தேன் என்று யோசித்தேன். மாலை, சால்வை, மைக், மேலாளர் பேசிய பேச்சு, சுவர்க் கடிகாரம். விழா பதினெட்டு நிமிஷம் தாமதமாக ஆரம்பித்தது என்பது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. தோளோடு தோள் உட்கார்ந்திருந்தவளை நான் பார்க்கவில்லை.

"நான் பார்க்கலையே உலகு" என்றேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். பிளவுஸை மடித்துத் திரும்ப வைக்கப் போனாள். அப்புறம் வைக்கவில்லை, நாற்காலியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலையில் இருவரும் கோயிலுக்குப் போனோம். அந்த இலைப்பச்சையைத்தான் போட்டுக்கொண்டாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது, ஒரே குடை. தெருமுனை வரை நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை. எதிரே வந்த சைக்கிள்காரன் மணி அடித்து ஒதுங்கிப் போனான்.

"இடது கையில், மேலிருந்து மூணாவது பூவில் நூல் பிரிஞ்சிருக்கு" என்றேன்.

நின்று, கையைத் திருப்பிப் பார்த்தாள். பிரிந்துதான் இருந்தது.

"பரவாயில்லயே, கண்ணு தெரியுதே ஒங்களுக்கு" என்று குடையை என் பக்கம் தள்ளிப் பிடித்தாள்.